சேட்டும் ஸ்கேர்ட்டும் ஒரே சொல்லாக இருந்த காலம்

யாழ்ப்பாணத்தில் ‘சட்டை’ என்றால் பெரும்பாலும் பொம்பிளைப்பிள்ளையள் போடுறது. ஆம்பிளையள் போடுறது சேட்டு. அதே ஆள் சென்னைக்குப் போய் ஒரு உடுப்புக் கடையில் சட்டை கேட்டால் ஆண்களின் பக்கத்தைத்தான் காட்டுவார்கள். ஒரே சொல், நடுவில ஒரு கடல், இரண்டு உடுப்பு. இதில் ஒருத்தரும் பிழை விடவில்லை. அந்தந்த ஊரில் எந்த உடுப்புக்குப் பெயர் தேவைப்பட்டதோ அந்த வேலைக்குச் சொல் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆங்கிலத்திலும் இப்படி ஒரு சோடி இருக்கு. ஷேர்ட், ஸ்கேர்ட். ஒன்று இடுப்புக்கு மேலே, மற்றது இடுப்புக்குக் கீழே. ஆங்கிலம் படிக்கத் தொடங்கிற சின்னப் பிள்ளைகள் இரண்டையும் மாறிச் சொல்லிச் சிரிப்பு வாங்குவது வழக்கம். ஆனால் அந்த மாறாட்டத்துக்கு நல்ல நியாயம் இருக்கு. ஒரு 1500 வருசத்துக்கு முதல் இவை இரண்டும் ஒரே சொல்தான். ஒரே குடும்பம் பிரிந்து வெவ்வேறு கரைகளில் இருந்தது. பிறகு ஒரு படையெடுப்பு அவர்களைத் திரும்ப ஒரே ஊரில் கொண்டுவந்து சேர்த்தது. இந்தச் சோடிக்குப் பின்னால் எரிந்த ஊர்களும் இருக்கு, கலியாணங்களும் இருக்கு, ஒரு படுகொலையும் இருக்கு.

முதலில் சத்தத்தைப் பார்ப்பம். ஐந்தாம் நூற்றாண்டளவில் வட ஜேர்மனி, டென்மார்க் கரைகளில் இருந்து பிரித்தானியாவுக்குக் குடிவந்த ஆங்கில, சக்சன் கூட்டங்கள் பேசிய மொழிக்கும், ஸ்கண்டிநேவியாவில் நின்றுவிட்டவர்களின் மொழிக்கும் மூலம் ஒன்று. இங்கிலாந்துக்கு வந்த கிளையில் ‘ஸ்க்’ என்ற சத்தம் மெல்ல மெல்ல ‘ஷ்’ ஆகக் குழைந்துவிட்டது. வடக்கே அது குழையவில்லை. ஆங்கிலேயர் மீனை ‘ஃபிஷ்’ என்பார்கள், டென்மார்க்காரர் இன்றைக்கும் ‘ஃபிஸ்க்’. சப்பாத்து அங்கே ‘ஷூ’, இங்கே ‘ஸ்கோ’. எங்கட காதுக்கு இது விளங்காத விசயமில்லை. நாங்கள் ‘செவி’ என்கிறதைக் கன்னடக்காரர் ‘கிவி’ என்கிறார்கள். எங்கட ‘செம்மை’க்கு அவர்களிடம் ‘கெம்பு’. முன்னுக்கு நின்ற ‘க’ தமிழில் ‘ச’ ஆகிவிட்டது, கன்னடத்தில் ஆகவில்லை. அதே மாதிரித்தான்.

அப்ப, அந்தப் பழைய சொல்லின் பொருள் என்ன? வெட்டிக் குட்டையாக்கிய உடுப்பு. ‘வெட்டு’ என்ற பொருள் கொண்ட வேரில் இருந்து வந்தது. கட்டை என்று பொருள்படும் ‘ஷோர்ட்’ என்ற சொல்லும் இதன் சகோதரம்தான். அந்தக் காலத்து உடுப்பு தோளில் தொடங்கித் தொடை அல்லது முழங்கால் வரை விழும் ஒற்றைத் துண்டு. மேலுடுப்பா கீழுடுப்பா என்று கேட்டால் இரண்டும்தான். ஆங்கிலக் கிளையில் அதன் பெயர் ‘ஷ்’ சத்தத்தோடு இருந்தது, வடமொழிக் கிளையில் ‘ஸ்கிர்ட்டா’ என்று இருந்தது. (இங்கே வடமொழி என்றால் சமஸ்கிருதம் இல்லை. வைக்கிங்குகள் பேசின பழைய நோர்டிக் மொழி. இனி நோர்ஸ் என்றே சொல்லுறன்.)

793 இல் வைக்கிங்குகள் லிண்டிஸ்ஃபார்ன் தீவில் இருந்த கிறிஸ்தவ மடத்தைக் கொள்ளையடித்தார்கள். அதற்குப் பிறகு எழுபது வருசமளவில் வாறதும் அடிக்கிறதும் போறதும். 865 இல் வந்த பெரும்படை திரும்பிப் போகவில்லை. அடுத்த வருசம் யோர்க் நகரம் விழுந்தது. 876 ஆம் ஆண்டுக்கான ஆங்கிலோ சக்சன் நாளாகமக் குறிப்பு எனக்கு இந்த முழுக் கதையிலும் முக்கியமானதாகப் படுகிறது. ஹாஃப்டன் என்ற தலைவன் நோர்தம்பிரியரின் காணிகளைத் தன் ஆட்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தான் என்றும், அவர்கள் உழுது பிழைக்கத் தொடங்கினார்கள் என்றும் அது சொல்கிறது. கொள்ளைக்காரன் கலப்பையைப் பிடித்த வருசம். அது யாருடைய காணி, முதல் உழுதவன் எங்கே போனான் என்று அந்தக் குறிப்பு சொல்வதில்லை.

தெற்கே வெசெக்ஸ் அரசன் அல்ஃபிரட் 878 இல் எடிங்டன் என்ற இடத்தில் குத்ரம் என்ற டேனிய அரசனைத் தோற்கடித்தான். குத்ரம் ஞானஸ்நானம் பெற்றான், அல்ஃபிரட்டே ஞானத்தகப்பன். பிறகு இருவருக்கும் இடையில் எழுதப்பட்ட ஒரு ஒப்பந்தம் இன்றைக்கும் இருக்கிறது. குத்ரம் செத்தது 890 இல், ஆகவே அதற்கு முதல் எழுதியது. எல்லைக்கோடு தேம்ஸ் ஆற்றோடு போய், லீ ஆற்றின் வழியே அதன் ஊற்று வரை ஏறி, அங்கிருந்து நேராகப் பெட்ஃபோர்டுக்குப் போய், பிறகு ஊஸ் ஆற்றோடு ரோமர் போட்ட வாட்லிங் வீதி வரை போகிறது.

அதில் இரண்டாவது விசயம் உயிரின் விலை. அந்தக் காலச் சட்டத்தில் கொலைக்கு நட்டஈடு உண்டு, ஆளின் தரத்துக்கேற்ப விலை மாறும். இந்த ஒப்பந்தம் ஆங்கிலேயன் கொல்லப்பட்டாலும் டேனியன் கொல்லப்பட்டாலும் ஒரே விலை என்கிறது, எட்டு அரை மார்க் சுத்தத் தங்கம். அதே ஒப்பந்தம் அனுமதி இல்லாமல் ஒரு பக்கத்து ஆள் மறுபக்கம் போகக்கூடாது என்றும் சொல்கிறது. மாடோ பொருளோ விற்க வாங்கப் போவதென்றால் பணயம் வைக்கவேணும். சமமான விலை போட்ட அதே கையால் போட்ட வேலி. நல்லிணக்கம் என்று இதைப் பாடப்புத்தகத்தில் போடலாம், ஆனால் இரண்டு பக்கமும் ஆளையாள் நம்பவில்லை என்பதுதான் அந்தத் தாளில் தெரிகிறது.

வேலி நிலைக்கவில்லை. யோர்க்கை டேனியர் ‘யோர்விக்’ என்று மாற்றிச் சொன்னார்கள். நோர்த்வேர்தி என்ற ஊர் டேர்பி ஆனது, ஸ்ட்ரியோனெஷால் என்ற ஊர் விற்பி ஆனது. கடைசியில் வரும் ‘பி’ நோர்ஸில் ஊர், குடியிருப்பு. ஊர்ப்பெயர்ப் பலகை மாறுவது ஏதோ ஒன்றின் அடையாளம் என்று எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் ஊருக்குப் பெயர் வைக்கிறது ஆள்கிறவன் செய்யும் வேலை. சமையலறைச் சொல், உடம்புச் சொல் எல்லாம் மாறுவதென்றால் அதற்கு வேற ஒண்டு நடக்கவேணும்.

இந்த இடத்தில் ஒரு ஒப்பீடு. ஆங்கிலேயர் வர முதல் பிரித்தானியாவில் இருந்தவர்கள் கெல்டிய மொழி பேசினவர்கள். அவர்களிடமிருந்து ஆங்கிலத்துக்கு ஆறுகளின் பெயரும் மலைகளின் பெயரும் வந்தன, அன்றாடச் சொற்கள் மிகக் கொஞ்சம். 1066 க்குப் பிறகு வந்த பிரெஞ்சுக்காரர் நீதிமன்றம், வரி, அரண்மனை, நல்ல சாப்பாடு எல்லாவற்றுக்கும் சொல் தந்தார்கள், மேலிருந்து கீழே. நோர்ஸ் தந்தது எது தெரியுமா? தோல், முட்டை, கத்தி, ஜன்னல், கால், கொடுப்பது, எடுப்பது, கூப்பிடுவது. இவை அயல்வீட்டுச் சொற்கள். வேலிக்கு மேலால் கதைத்து, சந்தையில் பேரம் பேசி, ஒரே வீட்டில் பிள்ளை வளர்த்து வருகிற சொற்கள். ‘ஜன்னல்’ என்பதற்கான ‘விண்டோ’ நோர்ஸில் ‘காற்றின் கண்’. சட்டத்துக்கான ‘லோ’ கூட அவர்களுடையது. டேனியர் வாழ்ந்த பகுதியை ஆங்கிலேயர் ‘டேனியரின் சட்டம் நடக்கும் இடம்’ என்று குறித்தபோது, சட்டம் என்ற சொல்லையே டேனியரிடம் கடன் வாங்கித்தான் குறித்தார்கள்.

ஆளையாள் சொல்வது விளங்கியதா? மத்தியூ டவுனெண்ட் என்ற ஆய்வாளர் 2002 இல் வெளிவந்த தன் புத்தகத்தில், ஓரளவுக்கு நன்றாகவே விளங்கியிருக்கும் என்று வாதிடுகிறார். அவன் ‘ஸ்க்’ என்றால் நான் ‘ஷ்’ என்று எடுத்துக்கொள்வது, அவ்வளவுதானே. யாழ்ப்பாணத்து ஆளும் மட்டக்களப்பு ஆளும் கதைக்கிற மாதிரி என்று சொல்லமாட்டன், அதைவிடத் தூரம். ஆனால் பழக்கத்தில் காது திறந்துவிடும். இங்கிலாந்தின் கிழக்கிலும் வடகிழக்கிலும் நிலத்திலிருந்து நூற்றுக்கணக்கான பெண்களின் உடுப்பு ஊசிகள் கிடைத்திருக்கின்றன, ஸ்கண்டிநேவிய வேலைப்பாட்டோடு. அவற்றில் சில முன்பக்கம் ஸ்கண்டிநேவியப் பூவேலை, பின்பக்கம் கொளுவி ஆங்கிலேய முறை. சொல்லுக்கு நடந்ததேதான் ஊசிக்கும் நடந்திருக்கு.

துணி மண்ணில் நிற்காது, உக்கிப்போகும். யோர்க்கின் ஈரமண் விதிவிலக்கு. 1976 இலிருந்து 1981 வரை அங்கே கொப்பர்கேட் என்ற தெருவில் தோண்டியபோது, வைக்கிங் காலத்து வீடுகளோடு ஒரு கம்பளிக் காலுறையும் கிடைத்தது. பின்னலூசிகள் இரண்டால் பின்னியது இல்லை, ஒற்றை ஊசியால் முடிச்சு முடிச்சாகச் செய்தது. கொப்பர்கேட் என்றால் மரக்கிண்ணம் கடைபவர்களின் தெரு. அந்த ‘கேட்’ நோர்ஸ் சொல், பொருள் தெரு. ஆங்கிலத்தின் சொந்த ‘கேட்’டுக்குப் பொருள் வாசல். இதுவும் ஒரு சோடி, சத்தம் முழுக்க ஒன்றாகவே ஆகிவிட்ட சோடி. யோர்க்கில் தெருவைக் ‘கேட்’ என்பார்கள், மதில்வாசலைப் ‘பார்’ என்பார்கள், பாரைப் ‘பப்’ என்பார்கள் என்று அந்த ஊர்க்காரர் சொல்லிச் சிரிப்பது வழக்கம்.

இதோடு நிப்பாட்டினால் இனிப்பான கதை. ஆங்கில மொழி வரலாற்றைச் சொல்லும் பல புத்தகங்கள் இந்த இடத்தில் அழகாக அடுத்த அத்தியாயத்துக்குத் தாவிவிடும். ஆனால் அந்த உழவும் சந்தையும் கலியாணமும் நூறு வருசத்துக்கு மேல் ஓடிய பிறகு, 1002 நவம்பர் 13 வந்தது. புனித பிறைஸின் திருநாள். அரசன் எதெல்ரெட் இங்கிலாந்தில் இருக்கும் டேனியர் எல்லாரையும் கொல்லும்படி கட்டளையிட்டான். திரும்ப வரத் தொடங்கிய கடற்படைகள், அவர்களுக்குக் கட்டிய கப்பம், தன்னைக் கொல்லச் சதி என்ற பயம், இவை காரணமாகச் சொல்லப்பட்டன. ஒக்ஸ்ஃபோர்டில் இருந்த டேனியர் புனித ஃபிரிட்ஸ்வைட் தேவாலயத்துக்குள் ஓடி ஒளித்தார்கள். ஊர்ச்சனம் தேவாலயத்தையே கொளுத்தியது, புத்தகங்களும் சேர்ந்து எரிந்தன. இது எதிராளி எழுதிவைத்த குற்றச்சாட்டு இல்லை. 1004 இல் அந்தத் தேவாலயத்துக்குக் காணி உறுதியைப் புதுப்பித்துக் கொடுத்தபோது எதெல்ரெட்டின் சாசனமே சொல்லும் கதை. டேனியரைக் கோதுமைக்குள் முளைத்த களை என்று அது சொல்கிறது. கொன்றதற்கு வருத்தம் இல்லை, கட்டடம் எரிந்ததுதான் பிரச்சினை.

2008 இல் ஒக்ஸ்ஃபோர்ட் சென் ஜோன்ஸ் கல்லூரி வளாகத்தில் 30 க்கு மேற்பட்ட ஆண்களின் எலும்புகள் ஒரே குழியில் கிடைத்தன. பெரும்பாலும் இளம் ஆட்கள். முதுகுப்பக்கமாக விழுந்த வெட்டுகள், சில எலும்புகளில் தீக்காயம். அவர்கள் அந்த நாளில் செத்தவர்களா, வேறொரு சந்தர்ப்பத்தில் பிடிபட்ட கொள்ளைப்படையா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள்.

யார் டேனியன் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? சாசனம் அதைச் சொல்லவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் கலந்து போயிருந்த சனத்தை அப்படிப் பிரிக்க முடியாது. ஆகவே தெற்கில் புதிதாக வந்து குடியேறியவர்களும் வியாபாரிகளும் கூலிப்படையும்தான் அகப்பட்டிருப்பார்கள் என்று பல வரலாற்றாசிரியர்கள் நினைக்கிறார்கள். ஒரு சத்தத்தை வைத்து ஆளைப் பிடிக்கிற வேலை எப்படி நடக்கும் என்று எங்கட ஆக்களுக்குத் தெரியும். 83 இல் வாளியைக் காட்டி ‘பால்திய’ என்று சொல்லச்சொன்ன கதை கேட்காத வீடு குறைவு. அந்தச் சிங்களச் சொல்கூடப் போர்த்துக்கீசர் விட்டுப்போனது. முன்னுக்கு நிற்கும் ஒரு எழுத்தின் சத்தம், இன்னொரு சந்தர்ப்பத்தில் அகராதியில் ஒரு சுவாரசியமான குறிப்பு.

படுகொலையால் எதெல்ரெட்டுக்கு ஒண்டும் கிடைக்கவில்லை. டென்மார்க் அரசன் ஸ்வெய்ன் படையோடு திரும்பத் திரும்ப வந்து 1013 இல் இங்கிலாந்தைப் பிடித்தான். அவன் மகன் கனூட் 1016 இல் முழு இங்கிலாந்துக்கும் அரசன்.

இனி வடக்கே யோர்க்‌ஷயரில் கேர்க்டேல் என்ற சின்னத் தேவாலயம். அதன் வாசலுக்கு மேலே கல்லில் செதுக்கிய ஒரு சூரிய மணிக்கூடு இருக்கு. இடிந்து விழுந்து கிடந்த தேவாலயத்தை காமலின் மகன் ஓர்ம் வாங்கி, எட்வேர்ட் அரசனின், டொஸ்டிக் பிரபுவின் காலத்தில் அடியிலிருந்து புதிதாகக் கட்டினான் என்று அதில் எழுதியிருக்கிறது. டொஸ்டிக் பிரபுவாக இருந்தது 1055 இலிருந்து 1065 வரை. ஓர்ம், காமல் இரண்டும் நோர்ஸ் பெயர். எழுதிய மொழி ஆங்கிலம். தகப்பனும் மகனும் வைக்கிங் பெயரோடு, வைக்கிங்குகள் ஒருகாலத்தில் கொள்ளையடித்த மாதிரியான ஒரு கட்டடத்தைத் தங்கள் காசில் திருத்திக் கட்டி, அதை ஆங்கிலத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். ஓர்மின் பேரப்பிள்ளைகள் நோர்ஸ் கதைத்திருப்பார்களோ தெரியாது. இங்கிலாந்தில் அந்த மொழி அப்படியே மெல்லச் செத்துப்போனது. சொற்கள் மட்டும் ஆங்கிலத்துக்குள் உட்கார்ந்துவிட்டன.

உட்கார்ந்த பிறகு என்ன நடந்தது? ஒரே பொருளுக்கு இரண்டு சொல் இருந்தால் ஒன்று வேலையை விடவேணும், இல்லாட்டி இரண்டும் வேலையைப் பங்கிடவேணும். ‘ஸ்கை’ நோர்ஸில் முகில். ஆங்கிலத்தில் வானத்துக்கு ‘ஹெவன்’ இருந்தது. பங்கீட்டில் ஸ்கை வானத்தை எடுத்தது, ஹெவனுக்குக் கடவுள் இருக்கும் இடம் மிஞ்சியது. பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்டார்வ்’ என்றால் சாவது. பெரும்பாலும் நோர்ஸிலிருந்து வந்த ‘டை’ அந்த இடத்தைப் பிடித்ததும், ஸ்டார்வ் பட்டினியால் சாவதற்கு மட்டும் என்று ஒடுங்கியது. இங்கிலாந்தின் வடபகுதிப் பேச்சில் அது குளிரில் விறைப்பதற்கு ஒதுங்கியது. தெற்குக்குப் பசி, வடக்குக்குக் குளிர்.

ஷேர்ட்டும் ஸ்கேர்ட்டும் இதே மாதிரித்தான். 1300 அளவில் ஸ்கேர்ட் ஆங்கில எழுத்தில் தலைகாட்டும்போது அதன் பொருள் நீள உடுப்பின் கீழ்ப்பகுதி. அந்த ஒற்றைத் துண்டு உடுப்பை அகராதி இடுப்பில் வெட்டி, மேலே ஒரு பெயரும் கீழே ஒரு பெயரும் வைத்துவிட்டது. ஆண், பெண் என்ற பிரிவு பிறகு வந்து சேர்ந்தது. ஸ்கேர்ட் என்றால் விளிம்பு என்ற பொருளும் வளர்ந்து, நகரத்தின் வெளியோரத்துக்கு ‘அவுட்ஸ்கேர்ட்ஸ்’ என்ற சொல் பிறந்தது. ஜேர்மன் மொழியில் இதே சொல்லின் சகோதரத்துக்குச் சமையலறையில் கட்டும் மேலங்கித்துணி என்று பொருள். டென்மார்க்கில் ‘ஸ்கோர்ட்ட’ இன்றைக்கும் ஆண்களின் சேட்டு. ஆக, இங்கிலாந்துக்கு வந்து இறங்கிய சொல்தான் பாவாடை ஆனது, ஊரில் நின்ற சொல் சேட்டாகவே நின்றது. (சிங்களத்தில் கமிசய, சாய இரண்டுமே போர்த்துக்கீசச் சொற்கள். உடுப்புக்குப் பெயர் எப்பவும் கப்பலில் வந்துகொண்டுதான் இருக்கு.)

இந்தக் கடன்களில் எனக்கு ஆகவும் பெரியதாகப் படுவது வேறொன்று. ‘அவர்கள்’ என்பதற்கான ‘தே’. பழைய ஆங்கிலத்தில் அவன், அவள், அவர்கள் மூன்றுக்கும் சொற்கள் ‘ஹ’ வில் தொடங்கி, காலப்போக்கில் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கத் தொடங்கிவிட்டன. யாரைச் சொல்கிறான் என்று விளங்காத நிலைமை. வடக்குச் சனம் நோர்ஸ் அயலவனிடமிருந்து அந்தச் சொல்லை எடுத்தது. ஒரு மொழி சுட்டுப்பெயரைக் கடன் வாங்குவது அபூர்வம். அது மெதுவாகத்தான் தெற்கே இறங்கியது. பதினான்காம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் எழுதிய சோசர் ‘தே’ என்று எழுதுகிறார், ஆனால் ‘அவர்களை’, ‘அவர்களுடைய’ என்பதற்குப் பழைய ஆங்கிலச் சொல்லைத்தான் விடாமல் வைத்திருக்கிறார். ‘ஒரே’ என்று பொருள்படும் ‘சேம்’, ‘இரண்டும்’ என்று பொருள்படும் ‘போத்’, இவையும் நோர்ஸ். ஒரு ஆங்கிலேயன் வெறுப்போடு விரலை நீட்டி ‘அவர்கள்’ என்று சொன்னாலும், அவர்களின் சொல்லால்தான் சொல்லவேணும்.

எல்லாச் சோடியும் பிழைக்கவில்லை. இங்கிலாந்தில் முதன்முதல் அச்சுக்கூடம் வைத்த வில்லியம் கக்ஸ்டன் 1490 இல் வெளியிட்ட ஒரு புத்தகத்தின் முன்னுரையில் ஒரு கதை சொல்கிறார். தேம்ஸ் ஆற்றில் ஒரு கப்பல். சீலாந்துக்குப் போகவேண்டிய வியாபாரிகள், காற்று இல்லை, கரையில் இறங்குகிறார்கள். ஒருத்தர் ஒரு வீட்டில் சாப்பிட ஏதாவது கேட்கிறார், முக்கியமாக முட்டை. அவர் சொன்னது நோர்ஸிலிருந்து வந்த ‘எக்’. வீட்டுக்காரப் பெண் தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்று சொல்கிறாள். வியாபாரிக்குக் கோபம், ஏனென்றால் அவருக்கும் பிரெஞ்சு தெரியாது. கடைசியில் இன்னொருத்தர் ‘ஐரென்’ என்று பழைய ஆங்கிலச் சொல்லைச் சொல்லிக் கேட்க, ஓ, இப்ப விளங்குது என்கிறாள்.

இந்தக் காலத்தில் மனுசன் எதை எழுதிறது என்று கக்ஸ்டன் அதற்குப் பிறகு புலம்புகிறார். முட்டைக்கு மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டு வேலை கொடுக்க முடியாது. ஐரென் வேலையில்லாமல் போய்விட்டது. அந்தப் பெண்ணின் பேத்திகள் கடையில் எக் என்றுதான் கேட்டிருப்பார்கள்.